வடக்கே மதில்

1934ஆம் ஆண்டின் நில அளவைப் படம்.
மடிப்பெல்லாம் கிழிந்து
செலோடேப்பில் உயிர் வைத்திருக்கிறது.
வடக்கு எல்லையில், சாய்ந்த மை எழுத்தில்,
ஒரேயொரு சொல்: வோல்.

திங்களுக்குள் தமிழ் வேண்டுமாம், மல்லாகம் நீதிமன்றத்துக்கு.
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் நான்.
பக்கத்துக்கு அறுநூறு ரூபா.
இந்தப் பக்கத்தில் வழக்கே அந்தச் சொல்தான்.

மதில் என்கிறாள் கனகரூபி.
முருகைக்கல்லில், இடுப்பளவு உயரம், பூட்டன் கட்டியது.
மதிலாவது மண்ணாவது என்கிறார் யோகசபாபதி.
கதியால் வேலி,
வருசத்துக்கு ஒரு விரல்கடை
எங்கள் பக்கம் நடந்து வந்த வேலி.
இருவரும் இருபத்தைந்து வருசம் அங்கே இல்லை.
காணி படையிடம் இருந்தது.

இரவு மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு
தடித்த அகராதியைப் பிரித்தேன்.
கல் இருக்கும் என்று கைவிட்ட இடத்தில்
மரம் தட்டுப்பட்டது.
வோலுக்குத் தாய், லத்தீனில் வால்லும்: மண் அணை.
அதற்கும் தாய், வால்லுஸ்: கூராக்கிய தடி.
ரோமாபுரிப் படையாள்
தோளில் தடி சுமந்து நடந்தானாம்.
பொழுதுபட அகழி வெட்டி, மண் குவித்து,
மேலே தடிகளை ஊன்றிவிட்டுப் படுத்தானாம்.
விடியப் பிடுங்கிக்கொண்டு போனானாம்.
ஓர் இரவுக்கான சொல்.

ஜேர்மன்காரர் அதை மண்ணோடே விட்டுவிட்டுக்
கல்லுக்கு வேறு சொல் கடன் வாங்கினார்கள்.
ஆங்கிலேயர் தடியைக் கழற்றி, மண்ணைக் கொட்டி,
அதே சொல்லில் கல்லை ஏற்றினார்கள்.
சொல்லை மாற்றச் சோம்பல் போலும்.

நிமலேந்திரன், சட்டத்தரணியின் கிளார்க், துள்ளினான்:
"வால்லுஸ், வேலி! பாத்தியளே,
எங்கட வேலியைத்தான் கொண்டு போயிருக்கிறாங்கள்!"
ஒலி ஒத்தால் உறவாகாது, தம்பி.
உறவு ஒத்துப்போகாததை
இந்தக் கட்டிடத்தில் நாளும் பார்க்கிறோமே.
அவன் முகம் சுருங்கிற்று.
தேநீர்க் காசு என் தலையில்.

வெள்ளிக்கிழமை காணி பார்க்கப் போனோம், வறுத்தலைவிளானுக்கு.
வீடு நின்ற இடத்தில் கற்பொடி.
நல்ல கல்லெல்லாம்
காவலரணுக்கும் றோட்டுக்கும் போய்விட்டது.
படையின் மண் அணை மட்டும் அப்படியே,
உச்சியில் பனங்குற்றி ஊன்றியபடி,
நெருஞ்சி படர்ந்து.
இரவு வாசித்த வரி வெயிலில் கிடந்தது.
நான் வாய் திறக்கவில்லை.
கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்று
சத்தியம் செய்த வாய்.

அதற்கப்பால் ஏழு பூவரசுகள்,
ஒரே வரிசையில், கொஞ்சம் கோணலாக.
மரமாக்க நினைத்து எவரும்
இத்தனை நெருக்கமாய் நடுவதில்லை.
கதியால்கள்.
கொப்பு வெட்ட ஆளில்லாமல் வளர்ந்துவிட்டன.
"கண்டியளோ!" யோகசபாபதியின் நெஞ்சு நிமிர்ந்தது.
கனகரூபி ஒன்றும் பேசாமல்
முதல் மரத்தடியில் குந்தினாள்,
சருகை விலக்கினாள், வெறுங்கையால் கிண்டினாள்.
வேர் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.
முருகைக்கல்.
ஒரு முழ நீளம், சுண்ணாம்புச் சாந்து ஒட்டியபடி,
கல்லின் துளைகளுக்குள்ளும் சல்லிவேர் புகுந்து.

யார் எதன்மேல் எதை வைத்தார்கள்?
மதில்மேல் கதியால் நட்டார்களா,
வேலிக்கு அணையாகக் கல் அடுக்கினார்களா?
சேவையர் அருள்நேசன் கண்ணாடியைத் துடைத்தார்.
நாடாவை வேரில் பிடிக்கவா, கல்லில் பிடிக்கவா
என்று கேட்டார்.
இரண்டுக்கும் வித்தியாசம் நாலு அங்குலம்.
முதல் தடவையாக
இருவரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தார்கள்.

ஞாயிறு இரவு எழுதினேன்: வடக்கே மதில்.
முத்திரை குத்தினேன். கையொப்பம் வைத்தேன்.
மை காயும்வரை
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அகராதி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
மதிலின் வேரை நான் தேடப் போகவில்லை.
அறுநூறு ரூபாவுக்கு
இவ்வளவு ஆழம் போதும்.